தேனி ஒரு வழி, நியூ மெக்சிகோ மறுவழி

சிறப்பு மருத்துவர் இல்லாத ஊருக்கு அவருடைய சேவையை எப்படிக் கொண்டுசேர்ப்பது? நெடுங்காலமாக இதற்கு இரண்டே விடைகள் இருந்தன. மருத்துவரை ஊருக்கு அனுப்புவது ஒன்று. நோயாளியை நகரத்துக்கு வரவழைப்பது மற்றொன்று. இவ்விரண்டும் எங்கே முட்டி நிற்கின்றன என்பதைப் பட்டறிந்துவிட்டு வேறு வழி தேடிய இரு முயற்சிகளை இங்கே அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஒன்று, மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை 2004 முதல் சிற்றூர்களில் திறந்துவரும் பார்வை மையங்கள். மற்றொன்று, அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் கல்லீரல் மருத்துவர் சஞ்சீவ் அரோரா 2003இல் தொடங்கிய எக்கோ திட்டம்.

இரண்டும் ஏறக்குறைய ஒரே வயதுடையவை. இரண்டுமே காணொலித் திரையை நம்பி நடப்பவை. அதனால் மேலோட்டமாகப் பார்ப்பவர் இரண்டையும் தொலைமருத்துவம் என்ற ஒரே கணக்கில் எழுதிவிடுவார். சற்று நெருங்கிப் பார்த்தால், ஒன்று எதைக் கட்டாயம் என்கிறதோ அதையே மற்றொன்று கூடாது என்று விலக்கியிருப்பது தெரியும். இன்னும் நெருங்கினால், எதிரெதிராகப் புறப்பட்ட இரண்டும் எதிர்பாராத ஓரிடத்தில் சந்திப்பது தெரியும். அந்த இடம் வரை போய்வருவதே இந்த ஒப்பாய்வின் வேலை.

தொலைவு என்பது எது?

முதலில் நிலப்பரப்பைப் பார்ப்போம். நியூ மெக்சிகோவின் பரப்பு சுமார் 3.15 லட்சம் சதுர கிலோமீட்டர். மக்கள் 20 லட்சம் அளவில். தமிழ்நாட்டின் பரப்பு 1.30 லட்சம் சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பின்படி மக்கள் 7.2 கோடி. அங்கே ஊருக்கும் ஊருக்கும் நடுவே பாலைநிலம் கிடக்கிறது. இங்கே ஓர் ஊர் முடிவதற்குள் அடுத்த ஊரின் பெயர்ப்பலகை வந்துவிடுகிறது.

ஆகவே நியூ மெக்சிகோவில் தொலைவு என்றால் கிலோமீட்டர்தான். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி நோயாளிகளில் சிலர் ஆல்புகர்க்கி நகரிலிருந்த பல்கலைக்கழகச் சிகிச்சையகத்துக்கு 400 கிலோமீட்டர் வரை காரோட்டி வந்தார்கள். அதற்கும் முன்பதிவு செய்துவிட்டு எட்டு மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது. சிகிச்சையோ ஒருமுறை வந்துபோவதோடு முடிவதில்லை. மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப வர வேண்டும். தொடக்க நிலையில் குணப்படுத்தக்கூடிய நோய், ஈரல் சுருங்கி, புற்றாகிய பிறகு மருத்துவரின் முன் வந்து நின்றது.

தேனியிலோ மதுரையிலோ கிலோமீட்டரைக் குறை சொல்ல முடியாது. பேருந்து உண்டு, பட்டணம் எட்டும் தொலைவில் உண்டு. போதாததற்கு மருத்துவமனையே முகாம் என்ற பெயரில் ஊருக்குள் வந்தது, இலவசமாகப் பார்த்தது, அறுவைக்கு வண்டியில் ஏற்றிச் சென்று திருப்பிக் கொண்டுவந்து விட்டது. அப்படியிருந்தும், அரவிந்தின் சேவைப் பகுதிக் கிராமங்களில் நடத்தப்பட்டு 1999இல் வெளியான ஆய்வு ஒன்று, கண்ணில் குறையுள்ளவர்களில் முகாமுக்கு வந்தவர்கள் 7 விழுக்காட்டினரே என்று சொன்னது. அறுவை பற்றிய அச்சம், துணைக்கு வர ஆளில்லாமை, இழக்கும் நாள்கூலி, வீட்டுப் பொறுப்பு, ‘இருக்கிற பார்வையே போதும்’ என்ற ஒதுக்கல் எனக் காரணங்கள் அடுக்கடுக்காக இருந்தன. இங்கே தொலைவை அளக்கக் கிலோமீட்டர் உதவாது. கூலியும் துணையும் துணிச்சலுமே அளவைகள்.

இங்கே ஓர் ஒற்றுமை கண்ணில் படுகிறது. எக்கோ தொடங்கிய காலத்தில் நியூ மெக்சிகோவின் ஹெபடைடிஸ் சி நோயாளிகளில் சிகிச்சை பெற்றவர்கள் 5 விழுக்காட்டுக்கும் குறைவு. தமிழகக் கிராமங்களில் முகாமை எட்டியவர்கள் 7 விழுக்காடு. இரு எண்களும் வெவ்வேறு நோயை, வெவ்வேறு வகையில் அளந்தவை. ஒன்றோடொன்று நேராக ஒப்பிடத்தக்கவை அல்ல. ஆனால் ஆளரவமற்ற நிலமும் நெருக்கமான நிலமும், கட்டணச் சிகிச்சையும் இலவச முகாமும், கடைசியில் இவ்வளவு சிறிய பங்கினரையே எட்டின என்பதில் ஒரு பாடம் உண்டு. நியூ மெக்சிகோவின் எண், நோயாளியை வரவழைக்கும் வழியின் எல்லையைக் காட்டியது. தமிழகத்தின் எண், மருத்துவரை அனுப்பும் வழியின் எல்லையைக் காட்டியது.

எதை அனுப்பினார்கள்?

சிறப்பு மருத்துவரின் வேலையை மூன்றாகப் பகுக்கலாம். அறிகுறிகளைத் திரட்டுவது, அவற்றைக் கொண்டு முடிவெடுப்பது, எடுத்த முடிவைச் செயலாக்குவது. ஒரே ஆளின் ஒரே சந்திப்பில் மூன்றும் நடப்பதால் இவற்றை நாம் பிரித்துப் பார்ப்பதில்லை. இரு முயற்சிகளும் இந்தச் சந்திப்பைத்தான் பிரித்தன. ஆனால் வெட்டிய இடம் வேறு.

அரவிந்த் முதல் பகுதியை வெட்டிக் கிராமத்துக்கு அனுப்பியது. பார்வை மையத்தில் கண் மருத்துவர் இருப்பதில்லை. அரவிந்திலேயே பயிற்சி பெற்ற பெண் ஒருவர் இருக்கிறார். பார்வை அளவைப் பார்ப்பதும், கண்ணின் அழுத்தத்தை அளப்பதும், ஸ்லிட் லாம்ப் கருவியில் சோதிப்பதும், தேவையானால் விழித்திரையைப் படமெடுப்பதும் அவரே. திரட்டிய அனைத்தும் தலைமை மருத்துவமனையிலிருக்கும் மருத்துவருக்குப் போகின்றன. அவர் திரையில் நோயாளியோடு பேசி முடிவைச் சொல்கிறார். தீர்ப்பு நகரத்தில், சாட்சியம் கிராமத்தில்.

எக்கோ இரண்டாம் பகுதியை, அதாவது முடிவெடுக்கும் அறிவையே, அனுப்பியது. வாரந்தோறும் குறித்த நேரத்தில் சிற்றூர் மருத்துவர்களும் செவிலியர்களும் திரையில் கூடுகிறார்கள். எதிரே பல்கலைக்கழகத்தின் கல்லீரல் மருத்துவரோடு மருந்தாளுநர், மனநல மருத்துவர் எனச் சிலர். சிற்றூர் மருத்துவர் தம் நோயாளியின் நிலையை, அடையாளம் வெளிப்படாமல், எடுத்துரைக்கிறார். கேள்விகள் எழுகின்றன, பரிந்துரை சொல்லப்படுகிறது, கூடியிருக்கும் மற்றவர்களும் கேட்டுக் கற்கிறார்கள். கூட்டத்தில் ஒரு சிறு பாடமும் உண்டு. பரிந்துரையை ஏற்பதும் மறுப்பதும் சிற்றூர் மருத்துவரின் பொறுப்பு. நிபுணர் அந்த நோயாளியைக் கடைசிவரை பார்ப்பதேயில்லை.

பார்வை மையத்தில் நோயாளி மருத்துவரின் முகத்தைப் பார்த்தாக வேண்டும். அந்த முகமே அவருக்கு நம்பிக்கை. எக்கோவில் நோயாளியின் முகம் திரைக்கு வரவே கூடாது. நோயாளி உள்ளூர் மருத்துவருக்கே உரியவர். அரவிந்தின் திரையில் ஒரு நேரத்தில் ஒரு நோயாளி. எக்கோவின் திரையில் ஒரு நேரத்தில் பல மருத்துவர்கள். முன்னது நிபுணரின் நேரத்தைச் சிக்கனப்படுத்துகிறது. பின்னது நிபுணரின் எண்ணிக்கையைப் பெருக்க முயல்கிறது.

இந்தப் பிரிவினைகள் வானத்திலிருந்து விழுந்தவை அல்ல. 1976இல் பணி ஓய்வுக்குப் பின் 11 படுக்கைகளோடு அரவிந்தைத் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமி, அறுவை அரங்குக்குள் வேலையை ஏற்கெனவே பகுத்திருந்தார். இரு மேசைகள் பக்கத்தில் பக்கத்தில். ஒன்றில் அறுவை நடக்கும்போதே அடுத்ததில் நோயாளியைச் செவிலியர் ஆயத்தப்படுத்திவிடுவார். மருத்துவரின் கை மருத்துவர் மட்டுமே செய்யக்கூடியதை மட்டும் செய்யும். பார்வை மையம் என்பது அந்த அரங்கின் நீட்சி. அடுத்த மேசையில் இருந்த ஆயத்தம் பல கிலோமீட்டர் தள்ளிப் போயிற்று, அவ்வளவே. எக்கோவின் மூலமும் இப்படித் தெளிவானது. போதனை மருத்துவமனையில் மூத்தவரோடு இளையவர்கள் படுக்கை படுக்கையாகச் சென்று ஒவ்வொரு நோயாளியையும் விவாதிக்கும் வழக்கம் மிகப் பழையது. எக்கோ அந்தச் சுற்றைக் கம்பிவழி நீட்டியது. ஒருவர் அறுவை அரங்கை நீட்டினார். மற்றவர் வகுப்பறையை நீட்டினார். இருவருமே தம் வீட்டில் நன்கு ஓடிக்கொண்டிருந்த பழக்கத்தையே வெளியே கொண்டுபோனார்கள் என்பதால்தான் இரண்டும் நிலைத்தன என்று தோன்றுகிறது.

நோய் இட்ட கட்டளை

ஏன் ஒருவர் அரங்கையும் மற்றவர் வகுப்பறையையும் தேர்ந்தார்கள்? விருப்பத்தைவிட நோயின் இயல்புக்கே இதில் பங்கு அதிகம்.

கண், படத்துக்கு வசப்படும் உறுப்பு. கருவிழி, புரை, விழித்திரையின் ரத்தக்கசிவு எனப் பலவும் ஒளியில் தெரிபவை, தெரிவதைப் படமாக்கலாம், படத்தை அனுப்பலாம். கண்புரைக்குத் தீர்வு ஒரே ஓர் அறுவை. அதற்கு எப்படியும் நோயாளி மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஆகவே பார்வை மையம் செய்ய வேண்டியது, போக வேண்டியவரையும் போகத் தேவையில்லாதவரையும் பிரிப்பது. கண்ணாடியோ சொட்டு மருந்தோ போதும் என்பவர்களுக்கு ஒரு நாள் கூலி மிஞ்சுகிறது. வருபவர்களில் பெரும்பாலோர் அப்படிப்பட்டவர்களே.

ஹெபடைடிஸ் சி, படத்துக்கு வசப்படாத நோய். 2003இல் அதற்கிருந்த சிகிச்சை இன்டர்ஃபெரான் ஊசியும் ரிபாவிரின் மாத்திரையும். வைரஸின் வகையைப் பொறுத்து 24 அல்லது 48 வாரம். மருந்தே நோயாளியை வாட்டும்: ரத்தசோகை வரும், வெள்ளணுக்கள் குறையும், மனச்சோர்வு கவியும். இங்கே தேவைப்படுவது கையின் திறமை அன்று; தொடர்ந்து ரத்தப் பரிசோதனையைப் பார்த்து அளவைக் கூட்டவும் குறைக்கவும் தெரிந்த, நோயாளியின் முகவாட்டத்தைக் கவனிக்கும் நெடுநாள் துணை. அத்தகைய துணையை நகரத்திலிருந்து அனுப்ப முடியாது. ஊரிலேயே உருவாக்கத்தான் முடியும்.

ஆகவே, ‘எது சிறந்தது’ என்ற கேள்விக்கு முன் ‘எந்த நோய்க்கு’ என்ற கேள்வி வர வேண்டும். ஒரே ஒரு முறை சரியாகப் பார்த்தால் பாதிச் சிக்கல் தீரும் நோய்க்கு அரவிந்தின் வழி பொருந்தும். பலமுறை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டிய நோய்க்கு எக்கோவின் வழி பொருந்தும். சர்க்கரை நோயாளியின் விழித்திரை பாதிப்பு இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. அதைக் கண்டறிவது படம். அதைத் தடுப்பதோ வாழ்நாள் முழுதும் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கும் உள்ளூர் மருத்துவரின் வேலை. மாரடைப்பு, பேற்றுக்கால ரத்தப்போக்கு போன்ற அவசரங்களுக்கு இரண்டுமே பயன்படா. அங்கே வேண்டியது ஆம்புலன்சும் அருகிலொரு கையும்.

ஊரில் இருப்பவர்

இரண்டிலும் வியப்பூட்டும் பகுதி இனிமேல்தான் வருகிறது.

எக்கோவின் முடிவுகள் 2011இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியாயின. பல்கலைக்கழகச் சிகிச்சையகத்திலும், 16 சிற்றூர் மையங்களிலும் 5 சிறைகளிலுமாக 407 நோயாளிகள். நிபுணரிடம் நேரே சிகிச்சை பெற்றவர்களில் 57.5 விழுக்காட்டினர் குணமடைந்தனர். நிபுணரைப் பார்க்காமலேயே சிகிச்சை பெற்றவர்களில் 58.2 விழுக்காட்டினர். இரண்டும் சமம் என்றே கொள்ள வேண்டும். ஆனால் கடுமையான பக்கவிளைவுகள் பல்கலைக்கழகத்தில் 13.7 விழுக்காடு, சிற்றூர்களிலும் சிறைகளிலும் 6.9 விழுக்காடு. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய சோதனை அன்று இது; பல்கலைக்கழகத்துக்கு வந்தவர்கள் கூடுதலாக நோயுற்றிருந்திருக்கலாம். அந்தத் தள்ளுபடியைக் கொடுத்த பிறகும் ஒன்று நிற்கிறது: தெரிந்த முகம், அடிக்கடி பார்க்கும் வாய்ப்பு, சொந்த ஊர்ப் பேச்சு ஆகியவை நிபுணத்துவத்துக்கு ஈடாக எடைபோட்டன.

அரவிந்தின் கண்டுபிடிப்பு இதே திசையில் வேறொரு கதவைத் திறந்தது. முகாம் ஒரு நாள் வந்துபோகும். அன்றைக்கு அறுவடை என்றால் அந்த வாய்ப்பு போயிற்று. மையமோ வேலைநாளெல்லாம் திறந்திருக்கும். இன்று இல்லாவிட்டால் நாளை. அங்கே உட்கார்ந்திருப்பவர் கிராமப்புறத்தில் பிறந்து வளர்ந்து, பள்ளிப் படிப்பு முடித்து, இரண்டாண்டுப் பயிற்சி பெற்றவர். இலவச முகாமுக்கு வரத் தயங்கியவர்கள் சிறு கட்டணம் கொடுத்து மையத்துக்கு வந்தார்கள். இலவசமும் அருகாமையும் சாதிக்காததை நிலைத்திருத்தல் சாதித்தது. இன்று மையங்களின் எண்ணிக்கை 100ஐத் தாண்டிவிட்டது.

சிறப்பு மருத்துவத்தைப் பரப்புவதற்கென்று தொடங்கிய இரு முயற்சிகளும் கடைசியில் சிறப்பு மருத்துவர் அல்லாதவரின் மதிப்பைக் கண்டுபிடித்தன. இதுவே இவற்றின் எதிர்பாராத உறவு. எக்கோ இதை இன்னும் ஒரு படி கொண்டுசென்று, நியூ மெக்சிகோ சிறைகளில் கைதிகளையே பயிற்றுவித்துச் சக கைதிகளுக்கு நோய்பற்றி எடுத்துச் சொல்ல வைத்தது. அரவிந்தின் மையத்தில் நாள்தோறும் எண்ணற்ற கண்களைப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் மருத்துவரின் முடிவைக் கேட்டுவரும் பெண்ணோ, பாடத்திட்டத்தில் எழுதப்படாத கல்வி ஒன்றைப் பெற்றுக்கொண்டே இருக்கிறார். எக்கோ கற்பிக்கவென்றே தொடங்கப்பட்டது. அரவிந்த் சிகிச்சைக்கென்றே தொடங்கப்பட்டது; ஆனால் அதன் திரையும் கற்பிக்கத்தான் செய்கிறது.

எங்கே அறுகிறது?

பலத்தை ஒப்பிட்டோம். பலவீனத்தையும் ஒப்பிட வேண்டும்.

அரவிந்தின் வழி இணைப்பை நம்பியது. தொடக்கத்தில் அரவிந்தின் தேனி மருத்துவமனைக்கும் மையங்களுக்கும் இடையே கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நெடுந்தொலைவு வைஃபை இணைப்பு அமைத்தார்கள். அந்த அனுபவம் பற்றிய அவர்களது 2008ஆம் ஆண்டுக் கட்டுரை படிக்கச் சுவையானது. மழையோ மலையோ அவர்களுக்கு முதன்மைச் சிக்கலாக இல்லை. ஏறியிறங்கும் மின்சாரமே கருவிகளைத் தின்றது. அதற்கு அவர்கள் கண்ட தீர்வுகளுள் ஒன்று, பழுதைக் கண்டறியும் வழிகளை எளிதாக்கி உள்ளூர்ப் பணியாளர்களிடமே ஒப்படைப்பது. அதாவது, பிணையத்தைப் பராமரிப்பதில் அரவிந்தின் பங்காளிகள் எக்கோவின் பாடத்துக்கே வந்து சேர்ந்தார்கள்.

எக்கோவின் வழி ஆளை நம்பியது. இரண்டு மூன்று ஆண்டு கற்றுத் தேர்ந்த சிற்றூர் மருத்துவர் வேறு ஊருக்குப் போய்விட்டால், ஊரின் கல்லீரல் மருத்துவமும் அவரோடு பெட்டி கட்டிவிடும். முன்னதில் இணைப்பு அறுந்தால் தீர்ப்பு நிற்கிறது. பின்னதில் ஆள் போனால் சிகிச்சை நிற்கிறது.

பணத்திலும் இதே எதிர்நிலை. பார்வை மையத்தில் யார் யாருக்குச் சேவை செய்தார் என்பது தெளிவு. அதனால் சிறு கட்டணம், கண்ணாடி விற்பனை ஆகியவற்றைக் கொண்டு அன்றாடச் செலவை ஈடுகட்ட முயல முடிகிறது. அறுவைக்கு நோயாளிகள் வருவதால் தலைமை மருத்துவமனையின் பெரிய கணக்கோடும் அது இணைகிறது. எக்கோவில் நிபுணர் எந்த நோயாளியையும் பார்ப்பதில்லை. ஆகவே பில் போட ஆளில்லை. மாநில அரசின் ஒதுக்கீடு, கூட்டாட்சி அரசின் ஆய்வு நிதி, ராபர்ட் வுட் ஜான்சன் போன்ற அறக்கட்டளைகள் எனக் கொடுப்பவரின் மனத்தைச் சார்ந்தே அது வளர்ந்தது. 2016இல் அமெரிக்க நாடாளுமன்றம் எக்கோ பெயரிலேயே ஒரு சட்டம் இயற்றியது. அந்தச் சட்டம் முதன்மையாகக் கேட்டது அதைப் பற்றிய ஆய்வறிக்கையைத்தான். சந்தைக்குள் நிற்கும் திட்டம் நோயாளியிடம் கணக்குக் காட்டுகிறது. சந்தைக்கு வெளியே நிற்பது அரசிடம் கணக்குக் காட்டுகிறது.

பிறகு காலமும் இரண்டையும் சோதித்தது. 2013க்குப் பின் வைரஸை நேரடியாகத் தாக்கும் மாத்திரைகள் வந்தன. 48 வார வாதை 12 வார மாத்திரையாயிற்று. எக்கோ எந்தச் சிக்கலான அறிவைப் பகிரத் தோன்றியதோ அந்தச் சிக்கலே பெருமளவு கரைந்தது. திட்டம் கரையவில்லை. 2016இல் பஞ்சாப் அரசு ஹெபடைடிஸ் சி நோய்க்கு மாவட்ட மருத்துவமனைகளிலேயே இலவசச் சிகிச்சை தொடங்கியபோது, சண்டிகர் பி.ஜி.ஐ. மருத்துவ நிறுவன நிபுணர்கள் எக்கோ முறையில்தான் அங்கிருந்த மருத்துவர்களுக்கு வழிகாட்டினார்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் அதே முறையை மனநலத்துக்கும் போதை மீட்புக்கும் கொண்டுவந்தது.

அரவிந்துக்கு அதே சோதனை கணினி வடிவில் வந்தது. விழித்திரைப் படத்தில் சர்க்கரை நோயின் தடத்தைக் கண்டுபிடிக்கக் கூகுள் ஆய்வாளர்கள் பயிற்றுவித்த நிரல் பற்றிய கட்டுரை 2016இல் வெளியானது. அதற்குப் படம் கொடுத்த இந்திய மருத்துவமனைகளுள் அரவிந்தும் ஒன்று. திரையின் மறுபக்கம் உட்கார்ந்திருக்கும் மருத்துவரின் வேலையில் ஒரு பகுதியை இனி இயந்திரம் செய்யக்கூடும். அங்கே மருந்து எளிதாயிற்று. இங்கே தீர்ப்பு எளிதாகிறது. இரண்டு இடத்திலும் சுமை குறைவது நிபுணருக்கே. ஊரில் இருப்பவரின் வேலை அப்படியே இருக்கிறது: தயங்கி நிற்பவரை உள்ளே அழைப்பது, படத்துக்குக் கண்ணைத் திறக்க வைப்பது, மாத்திரையை நிறுத்திவிடாதே என்று மூன்றாம் முறையாகச் சொல்வது.

திட்டமிடுவோருக்கு

இவ்விரண்டையும் பார்த்துப் படியெடுக்க விரும்புவோர் முதலில் வாங்குவது திரையைத்தான். அது எளிது, படமெடுத்துச் செய்தித்தாளில் போடவும் ஏற்றது. ஆனால் இந்த ஒப்பீட்டில் திரை இரண்டாம் இடத்திலேயே நிற்கிறது. நிபுணரின் வேலையில் எந்தப் பகுதியை வெட்டிக் கொடுக்கலாம் என்பதை அரவிந்த் பல ஆண்டு அறுவை அரங்கில் கற்றது. எந்த அறிவை எந்த அளவில் ஊட்டலாம் என்பதை எக்கோ வாரம் தவறாத கூட்டங்களில் கற்றது. அந்தப் பகுப்பை யோசிக்காமல் வைக்கப்படும் திரை, வெளிநோயாளர் வரிசையை மருத்துவமனை வாசலிலிருந்து கணினிக்கு மாற்றுவதோடு நின்றுவிடும்.

ஒரு புதிய திட்டம் இவற்றின் மரபில் வருகிறதா என்று அறிய ஒரு சோதனை போதும். நகரத்தோடுள்ள இணைப்பு ஒரு மாதம் முழுக்க அறுந்துபோனதாக வைத்துக்கொள்வோம். எக்கோவில் பழகிய மருத்துவர், ஏற்கெனவே கற்றதைக் கொண்டு அந்த மாதத்தை ஓட்டிவிடுவார். பார்வை மையத்துப் பெண், மருத்துவரின் முடிவு தேவைப்படுபவர்களை மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டு, மற்றவர்களின் பார்வைக் குறையை அளந்து பதிந்து வைப்பார். இணைப்பு வந்த அன்று இரண்டிலும் வேலை விட்ட இடத்தில் தொடரும். அந்த ஒரு மாதத்தில் ஊரில் செய்வதற்கு எதுவுமே இல்லாமல் கதவைப் பூட்ட வேண்டி வந்தால், அங்கே போய்ச் சேர்ந்தது கருவி மட்டுமே. மருத்துவம் இன்னும் நகரத்திலேயே இருக்கிறது.